உப்பிலும் குளோரின், நச்சு வாயுவிலும் குளோரின்

(தேசிய அறிவியல் நாளையொட்டி நம் குடியிருப்பின் பொது அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பலகையில் வரைந்து காட்டியவை இங்கே சொற்களில் தரப்பட்டுள்ளன.)



"பிப்ரவரி 28 அறிவியல் நாள் வருது சார், ஒரு அரை மணி நேரம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் மைக்கைக் கொடுத்தால் அது எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணம், நம் குடியிருப்பில் ஒரு பையனுக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் நம் தரைத்தளப் பொதுக் கழிப்பறையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சுத்தம் செய்யும் அம்மா, தரையில் பாசி போகவில்லை என்று ஆசிட் ஊற்றியிருக்கிறார். அப்படியும் போகவில்லை என்று அதன்மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். மழைச்சாரல் அடிக்கிறதே என்று கதவையும் சாத்தி வைத்திருந்தார். சற்று நேரத்தில் கண் எரிந்து, மூச்சு முட்டி, தட்டுத்தடுமாறி வெளியே வந்து விழுந்தார். செக்யூரிட்டி தம்பி ஓடிவந்து தூக்கினார். ஓர் இரவு மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்து, மறுநாள் வீடு திரும்பினார். இன்று நலமாக இருக்கிறார். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் அனுமதி பெற்றுத்தான் இதைச் சொல்கிறேன்.

அன்று மாலை லிஃப்ட் வாசலில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டான். "தாத்தா, அது என்ன கேஸ்?"

"குளோரின்டா."

"உப்பு சோடியம் குளோரைடுதானே தாத்தா? அதுலயும் குளோரின் இருக்கே. தினமும் சாப்பிடறோம், ஒண்ணும் ஆகலையே?"

"அப்புறம் சொல்றேன்" என்று லிஃப்டில் ஏறிவிட்டேன். அந்த "அப்புறம்" இன்றுதான் வந்திருக்கிறது.

பதிலை முதலிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளில் எந்த அணு இருக்கிறது என்பது பாதிச் செய்திதான். அந்த அணு யாரோடு, எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதுதான் மீதிப் பாதி. உப்பா நஞ்சா என்பதை அந்த மீதிப் பாதிதான் தீர்மானிக்கிறது.

இரண்டு அணுக்கள் சேர்வது எப்படி?

எல்லாவற்றிலும் எளிய அணு ஹைட்ரஜன். நடுவில் ஒரு புரோட்டான், வெளியே ஒரு எலக்ட்ரான். புரோட்டானுக்கு நேர்மின்சுமை, எலக்ட்ரானுக்கு எதிர்மின்சுமை. எதிரெதிர் சுமைகள் ஈர்க்கும், ஒரே வகைச் சுமைகள் விலக்கும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இப்போது இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை மெல்ல மெல்ல நெருங்க விடுவோம். இந்த அணுவின் கரு அந்த அணுவின் எலக்ட்ரானையும் இழுக்கும். அந்தக் கரு இந்த எலக்ட்ரானை இழுக்கும். இரண்டு எலக்ட்ரான்களும் இரண்டு கருக்களுக்கும் நடுவில் அதிக நேரம் இருக்கும் நிலை உண்டாகிறது. நடுவில் இருக்கும் அந்த எதிர்மின்சுமையை இரு கருக்களும் இரு பக்கமிருந்து ஈர்ப்பதால் அணுக்கள் சேர்ந்து நிற்கின்றன. இதற்குப் பெயர்தான் சகப்பிணைப்பு.

அப்படியானால் இரண்டும் முட்டி ஒன்றாகிவிடாதா? ஆகாது. மிகவும் நெருங்கினால் இரண்டு கருக்களும் ஒன்றையொன்று விலக்கும். ஈர்ப்பும் விலக்கமும் சமமாகும் ஓர் இடைவெளியில் அவை நிலைகொள்கின்றன. ஹைட்ரஜன் மூலக்கூறில் அந்த இடைவெளி 74 பிக்கோமீட்டர். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் அப்படிப்பட்ட இடைவெளிகள் 13 கோடிக்கு மேல் அடங்கும்.

இங்கே ஒரு தவறைத் திருத்த வேண்டும். வகுப்பில் நாங்கள், "அணு எலக்ட்ரானை விரும்புகிறது, எட்டு எலக்ட்ரான் சேர்க்க ஆசைப்படுகிறது" என்றெல்லாம் சொல்வோம். அணுவுக்கு ஆசையும் கிடையாது, விருப்பமும் கிடையாது. மாடித் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே கீழே இறங்குகிறதே, ஆசைப்பட்டா இறங்குகிறது? மேலே ஆற்றல் அதிகம், கீழே குறைவு. அணுக்களும் அப்படித்தான். தனித்தனியாக இருப்பதைவிடச் சேர்ந்திருக்கும்போது ஆற்றல் குறைவு. அதனால் சேர்கின்றன. மீதமாகும் ஆற்றல் வெளியே வருகிறது.

எவ்வளவு வருகிறது? தனித்தனி ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்து 2 கிராம் ஹைட்ரஜன் வாயு ஆகும்போது 436 கிலோஜூல். நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒன்றரை லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. அந்தப் பிணைப்புகளை மீண்டும் பிரிக்க வேண்டுமானால் அதே 436 கிலோஜூலை நாம் கொடுக்க வேண்டும்.

இதை மட்டும் மறக்காதீர்கள்: பிணைப்பு உடைவதற்கு ஆற்றல் செலவு, பிணைப்பு உருவானால் ஆற்றல் வரவு. "பிணைப்பை உடைத்தால் உள்ளே பூட்டி வைத்த ஆற்றல் வெளியே வரும்" என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறானது. அடுப்பில் நமக்குக் கிடைக்கும் வெப்பம், புதிதாக உருவாகும் பிணைப்புகள் தந்த வரவில், பழைய பிணைப்புகளை உடைத்த செலவு போக மிச்சம். நம் பொருளாளர் படிக்கும் ஆண்டுக் கணக்கு மாதிரிதான்.

நடுச்சுவர் கணக்கு

அடுத்து குளோரினுக்கு வருவோம். அதற்கு 17 எலக்ட்ரான்கள். உள்ளே முதல் சுற்றில் 2, அடுத்ததில் 8, வெளிச்சுற்றில் 7. வெளிச்சுற்றில் 8 இருந்தால் அந்த அமைப்பு நிலையானது. ஹைட்ரஜனுக்கு மட்டும் 2 போதும். ஆக, குளோரினுக்கு ஒன்று குறைகிறது.

இரண்டு குளோரின் அணுக்கள் சந்தித்தால்? இருவருக்குமே ஒன்று குறைவு. ஆளுக்கு ஒரு எலக்ட்ரானை நடுவில் வைத்து, அந்த ஜோடியை இருவருமே தம்முடையதாகக் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். இது என்ன கள்ளக் கணக்கு என்று என் மாணவர்கள் கேட்பார்கள். அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். என் வீட்டு ஹாலுக்கும் பக்கத்து வீட்டு ஹாலுக்கும் நடுவில் ஒரே சுவர். என் ஹாலுக்கு நான்கு சுவர், அவர் ஹாலுக்கும் நான்கு சுவர். ஆனால் பில்டர் கட்டியது எட்டு அல்ல, ஏழு. நடுச்சுவர் இருவர் கணக்கிலும் வருகிறது. குளோரின் மூலக்கூறிலும் வெளிச்சுற்று எலக்ட்ரான்கள் மொத்தம் 14தான். நடு ஜோடியை இருவர் கணக்கிலும் சேர்த்தால் ஆளுக்கு 8.

எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வைத்து, ஒரு ஜோடியைப் பங்கிட்டால் ஒரு பிணைப்பு என்று 1916ஆம் ஆண்டு எழுதியவர் அமெரிக்காவின் கில்பர்ட் நியூட்டன் லூயிஸ். நம் பிள்ளைகள் இன்றும் நோட்டில் வைக்கும் புள்ளிகள் அவருடையவை. அது ஏன் சரியாக வருகிறது என்பதை 1927இல் ஹைட்ரஜன் மூலக்கூறுக்குக் குவாண்டம் இயக்கவியல் கொண்டு ஹைட்லர், லண்டன் என்ற இருவர் கணக்கிட்டுக் காட்டினார்கள். லண்டன் என்பது ஊர் அல்ல, அவர் பெயர். லூயிஸுக்குக் கடைசிவரை நோபல் பரிசு கிடைக்கவில்லை என்பது வேதியியல்காரர்களுக்கு இன்றும் ஒரு மனக்குறை.

பையனின் கேள்விக்கு வருகிறேன். உப்பில் என்ன நடக்கிறது? சோடியம் தன் வெளிச்சுற்றில் உள்ள ஒரே எலக்ட்ரானைக் குளோரினுக்கு முழுதாகவே கொடுத்துவிடுகிறது. அங்கே பங்கீடு கிடையாது. அது அயனிப் பிணைப்பு. உப்பில் இருப்பது எட்டும் நிறைந்த குளோரைடு அயனி. அது எதையும் யாரிடமும் பிடுங்க வேண்டியதில்லை. ரசத்தில் கரைந்து, நம் ரத்தத்திலும் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

குளோரின் வாயுவில் அப்படி இல்லை. இரண்டு அணுக்களும் ஒரே ஜோடியை இரு பக்கமும் இழுத்துக்கொண்டு நிற்கின்றன. அந்தப் பிணைப்பை உடைக்க 243 கிலோஜூல் போதும். ஹைட்ரஜன் பிணைப்போடு ஒப்பிட்டால் பாதியைவிடச் சற்றே அதிகம். அந்தச் சிறு செலவைச் செய்துவிட்டால், வேறு அணுக்களோடு பிணைந்து பெரிய வரவு பார்க்கலாம். உதாரணமாக ஹைட்ரஜனோடு: உடைக்கும் செலவு 436ம் 243ம், ஆக 679. இரண்டு ஹைட்ரஜன் குளோரைடு பிணைப்புகள் உருவாகும் வரவு, ஒன்றுக்கு 431 வீதம் 862. மிச்சம் 183 கிலோஜூல். குளோரின் எதைப் பார்த்தாலும் வினைபுரிவது இதனால்தான். ஈரமான கண்ணிலும் மூக்கிலும் நுரையீரலிலும் பட்டால், அங்கேயே அமிலங்களை உண்டாக்கித் திசுவை அரிக்கிறது.

அதே குளோரின் அணு. உப்பில் நிறைந்து நிற்கிறது, வாயுவில் பாய்ந்து பிடிக்கிறது.

நாம் சுவாசிக்கும் காற்று

இதே கணக்கைக் காற்றுக்குப் போட்டுப் பாருங்கள். ஆக்சிஜனுக்கு வெளிச்சுற்றில் 6. இரண்டு குறைவு. ஆகவே இரண்டு ஜோடிகளைப் பங்கிடுகிறது. அது இரட்டைப் பிணைப்பு, 498 கிலோஜூல். நைட்ரஜனுக்கு 5. மூன்று ஜோடிகளைப் பங்கிடுகிறது. முப்பிணைப்பு, 945 கிலோஜூல். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போய், எதையும் தொடாமல் வெளியே வருகிறது. அந்த முப்பிணைப்பை உடைப்பது அத்தனை கடினம்.

தண்ணீரில் ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன் அணுக்களோடு ஆளுக்கு ஒரு ஜோடியைப் பங்கிடுகிறது. மீதி இரண்டு ஜோடிகள் பங்கிடப்படாமல் ஆக்சிஜனிடமே தங்குகின்றன. அவை இந்தப் பக்கம் தள்ளுவதால் மூலக்கூறு நேர்கோடாக இல்லாமல் 104.5 டிகிரியில் வளைந்திருக்கிறது. பங்கீடும் சமமில்லை. ஆக்சிஜன் பக்கம் எலக்ட்ரான்கள் சற்று அதிகம் சாய்கின்றன. இந்த வளைவும் சாய்வும் சேர்ந்துதான் தண்ணீரை உப்பைக் கரைக்கும் திரவமாக்குகின்றன.

புள்ளிப் படம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைக்க வேண்டாம். திரவ ஆக்சிஜனைக் காந்தம் இழுக்கும். எல்லா எலக்ட்ரான்களும் ஜோடியாக இருப்பதாகக் காட்டும் புள்ளிப் படத்தால் அதை விளக்க முடியாது. அதற்கு வேறு கொள்கை உண்டு. அதைப் பிள்ளைகள் மேல் வகுப்பில் படிப்பார்கள்.

வாசனையில்லாத எதிரி

"பிணைப்பு பலமாக இருந்தால் ஆபத்தில்லை, அப்படித்தானே?" என்று யாராவது கேட்கலாம். இல்லை. அதற்கு நம் வீட்டுக்குள்ளேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

நம் சிலிண்டரில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் கலவை. கார்பனும் ஹைட்ரஜனும் சகப்பிணைப்பால் சேர்ந்தவை. போதுமான காற்று கிடைத்தால் நீலச் சுடராக எரிந்து கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் ஆகும். காற்று போதாவிட்டால் ஒரு கார்பனுக்கு இரண்டு ஆக்சிஜன் கிடைக்காது. கார்பன் மோனாக்சைடு உண்டாகும்.

அதில் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவில் மூன்று ஜோடிகள். அவற்றில் ஒரு ஜோடிக்கான இரண்டு எலக்ட்ரான்களையும் ஆக்சிஜனே தருகிறது. பாடப்புத்தகம் இதை ஈதல் சகப்பிணைப்பு என்கிறது. இதன் வலிமை 1,072 கிலோஜூல், நைட்ரஜனைவிட அதிகம். அது உடைந்து நம்மைத் தாக்குவதில்லை. கார்பன் முனையில் பங்கிடப்படாத ஒரு ஜோடி இருக்கிறதே, அதைக் கொண்டு நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பைப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக. ஆக்சிஜன் உட்கார வேண்டிய இருக்கையை இது பிடித்துக்கொள்கிறது. நிறமில்லை, வாசனையில்லை, எரிச்சலில்லை. குளோரினாவது எரிச்சல் தந்து நம்மை வெளியே துரத்தும். இது தலைசுற்றலும் தூக்கமும் தந்து உள்ளேயே படுக்க வைத்துவிடும்.

ஆகவே கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் அதைக் குளியலறைக்கு உள்ளே வைக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் வெளியே வையுங்கள். மின்வெட்டின்போது ஜெனரேட்டரை மூடிய இடத்தில் ஓடவிடாதீர்கள். அடுப்புச் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தில் கரி பிடித்தால் உடனே சர்வீஸ் செய்யுங்கள்.

அந்தக் கழிப்பறையில் நடந்தது

இனி அந்த நாளுக்குத் திரும்புவோம். பிளீச்சிங் பவுடரில் குளோரின் ஆக்சிஜனோடு சகப்பிணைப்பில் இருக்கிறது. அதை அளவாகத் தண்ணீரில் போட்டால் ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற சிறு மூலக்கூறு உண்டாகும். கிருமிகளைக் கொல்வது அதுதான். நம் சம்ப் தண்ணீரைக் காப்பதும் அதே குளோரின்தான். கழிப்பறை ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதிலும் குளோரின், ஆனால் நிறைந்த குளோரைடாக. தனித்தனியே இரண்டையும் கவனமாகக் கையாளலாம்.

சேர்த்தால்? ஒரு பக்கத்துக் குளோரினும் மறு பக்கத்துக் குளோரினும் ஒன்றுசேர்ந்து குளோரின் வாயு ஆகின்றன. ஆக்சிஜன், ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீர் ஆகிவிடுகிறது. தூவிய சில நொடிகளிலேயே வாயு கிளம்பும்.

இன்னொன்று. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு படியும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மன் படை குளோரினைத் திறந்துவிட்டபோது, அது பதுங்குகுழிகளுக்குள் இறங்கி வீரர்களைக் கொன்றது இதனால்தான். நம் கழிப்பறையில் தரையோடு இருந்தது யாருடைய மூக்கு? உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தவருடைய மூக்கு. வாசலில் நின்று "நல்லா தேய்ங்கம்மா" என்று சொல்பவருக்கு அந்த அளவு படாது.

அந்த அம்மாவின் மேல் தவறில்லை. பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஆசிட்டையும், பெயரில்லாத டப்பாவில் பிளீச்சிங் பவுடரையும் ஒரே அலமாரியில் வைத்துக் கொடுத்தது நாம். இரண்டும் சேரக் கூடாது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

நானும் சொன்னதில்லை. முப்பத்தொரு வருடம் இந்தப் பாடம் நடத்தியவன் நான். குளோரின் மூலக்கூறுக்குப் புள்ளி வைக்கச் சொல்லி ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். "இந்த மூலக்கூறு உங்கள் வீட்டுக் குளியலறையில் உண்டாகலாம், இரண்டையும் கலக்காதீர்கள்" என்று ஒரு வகுப்பிலும் சொன்னதாக நினைவில்லை. அன்று இரவு என் வீட்டுக் குளியலறையைத் திறந்து பார்த்தேன். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

அதனால் சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் வெவ்வேறு அறைகளில், அவற்றின் சொந்த டப்பாக்களில், தமிழில் பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி, வெவ்வேறு நிறம் பூசி இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு நிறம் சொல்லும். இரண்டு, ஒரு நாள் ஒரு பொருள் மட்டும். கதவைத் திறந்து வைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றி அலசிய பிறகுதான் அடுத்தது. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவங்களையும் பிளீச்சிங்கோடு சேர்க்கக் கூடாது, அதுவும் நச்சு வாயு தரும். மூன்று, வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இதை வாயால் சொல்லிக் காட்ட வேண்டும். அதற்கு என் நேரத்தை இலவசமாகத் தருகிறேன்.

ஒருவேளை மறுபடி நடந்துவிட்டால்: உடனே வெளியே, திறந்த காற்றுக்கு வந்துவிட வேண்டும். வாளியை எடுக்க, பிரஷ்ஷை எடுக்க என்று திரும்ப உள்ளே போகக் கூடாது. கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடமாவது குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும். 108ஐ அழைக்க வேண்டும். "இருமல் நின்றுவிட்டது" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. நுரையீரலில் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியலாம்.

தம்பி, உன் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். உப்பிலும் அதே குளோரின், அந்தக் கழிப்பறையிலும் அதே குளோரின். எலக்ட்ரானை எப்படி வைத்துக்கொண்டிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். தேர்வில் புள்ளி வைக்கும்போது இதை நினைத்துக்கொள். வீட்டுக்குப் போனதும் உன் அம்மாவோடு குளியலறை அலமாரியை ஒரு தடவை திறந்து பார்.

நீங்கள் எல்லோரும்கூட இன்றிரவே பாருங்கள்.